மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகவில்லையா? எதையும் அழிப்பதற்கு முன் எரர் லாகைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: உபுண்டு 22.04 சர்வர், அதில் மைஎஸ்க்யூஎல் 8.0. ரீபூட் செய்ததிலிருந்து டேட்டாபேஸ் எழவில்லை. சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கொடுத்தால், ‘கன்ட்ரோல் பிராசஸ் எரர் கோடுடன் வெளியேறியதால் ஜாப் ஃபெயில் ஆகிவிட்டது’ என்ற பொருளில் ஒரு வரி மட்டும் வருகிறது. ‘ஐபி_லாக்ஃபைல்களை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய், வந்துவிடும்’ என்கிறார் ஒருவர். ‘பர்ஜ் செய்து (பேக்கேஜை செட்டிங்கோடு சேர்த்து அடியோடு நீக்கி) மறுபடி இன்ஸ்டால் செய்’ என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

இரண்டையும் செய்யாதீர்கள். முதல் யோசனை டேட்டாவைக் கெடுக்கும் (ஏன் என்று பிறகு சொல்கிறேன்), இரண்டாவது மொத்தமாகவே துடைத்துவிடும். உபுண்டுவில் இந்தப் பேக்கேஜைப் பர்ஜ் செய்தால், டேட்டாபேஸ்களையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் ‘யெஸ்’ தட்டினால் கதை முடிந்தது. வெறும் ரிமூவ் செய்து திரும்பப் போட்டாலோ, கான்ஃபிக் ஃபைலும் டேட்டா ஃபோல்டரும் அப்படியே இருப்பதால் அதே கோளாறு அதே இடத்தில் காத்திருக்கும். ரீஇன்ஸ்டால் செய்து சரியாகும் வகைக் கோளாறு இது கிடையாது.

முதலில் ஒரு சின்னச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சர்வர் உண்மையிலேயே ஓடவில்லையா, இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரோடு கனெக்ட் செய்ய முடியவில்லையா? ‘சாக்கெட் வழியாக லோக்கல் சர்வரை அடைய முடியவில்லை’ என்பது கிளையன்ட் சொல்லும் எரர். அதன் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 2 என்று இருந்தால், அந்த சாக்கெட் ஃபைலே (கிளையன்டும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி) அங்கே இல்லை. சர்வர் வேறு இடத்தில் சாக்கெட்டை வைத்திருந்தாலும் இதே எரர்தான் வரும். பிஎஸ் கமாண்டில் மைஎஸ்க்யூஎல்டி பிராசஸ் தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சரி, ஓடவில்லை என்று உறுதியாகிவிட்டது. சர்வீஸ்களை ஓட்டி நிறுத்தும் சிஸ்டம்டி கொடுக்கும் அந்த ஒரு வரியில் காரணம் எதுவும் இருக்காது. பிராசஸ் செத்துவிட்டது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஸ்டேட்டஸ் கொடுத்தாலும் கடைசிப் பத்து வரிதான் காட்டும், அதையும் பாதியில் வெட்டிவிடும். காரணம் இருப்பது மைஎஸ்க்யூஎல் தானே எழுதும் எரர் லாகில். உபுண்டுவில் அது /வார்/லாக்/மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரில் எரர்.லாக் என்ற பெயரில் இருக்கும். ரெட்ஹேட் வகை லினக்ஸில் /வார்/லாக் ஃபோல்டரிலேயே மைஎஸ்க்யூஎல்டி.லாக் என்று இருக்கும், அங்கே சர்வீஸின் பெயரும் மைஎஸ்க்யூஎல்டிதான். மரியாடிபி வைத்திருப்பவர்கள் சிஸ்டம்டியின் பொது லாகான ஜர்னலைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கமாண்டில் சர்வீஸ் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். புதிய டெபியன், உபுண்டு பதிப்புகளில் அது பெரும்பாலும் ஜர்னலில்தான் எழுதுகிறது.

லாகைத் திறந்ததும் நேரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மைஎஸ்க்யூஎல் இயல்பாகவே யுடிசி நேரத்தில்தான் எழுதும். நீங்கள் காலை 10 மணிக்கு ஸ்டார்ட் கொடுத்திருந்தால் லாகில் 04:30 என்று இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ‘இன்றைய எரரே லாகில் இல்லையே’ என்று தேடுபவர்கள் நிறைய. இன்றைய தேதியில் உண்மையிலேயே ஒரு வரிகூட இல்லையென்றால் அதுவும் ஒரு துப்புதான். லாகைத் திறப்பதற்கு முன்பே சர்வர் விழுந்திருக்கிறது, அல்லது அந்த ஃபோல்டரில் அதனால் எழுத முடியவில்லை. அப்போது ஜர்னலுக்குப் போங்கள்.

இனி படிக்கும் விதம். பலரும் சறுக்குவது இங்கேதான். கடைசி வரியை எடுத்துத் தேடுவார்கள். கடைசி எரர் வரி ‘அபார்ட்டிங்’ என்று இருக்கும், எம்ஒய்-010119 என்ற நம்பரோடு. அதற்கு மேலே ‘டேட்டா டிக்ஷனரி இனிஷியலைசேஷன் ஃபெயில்ட்’, அதற்கும் மேலே ‘டிடி ஸ்டோரேஜ் எஞ்சினைத் தொடங்க முடியவில்லை’. இந்த மூன்றும் விளைவுகள். டிஸ்க் நிறைந்தாலும் இவைதான் வரும், பெர்மிஷன் தவறினாலும் இவைதான், ஃபைல் கெட்டிருந்தாலும் இவைதான். இவற்றைத் தேடினால் ஆயிரம் பேர் ஆயிரம் வைத்தியம் சொல்லியிருப்பார்கள், எதுவும் உங்கள் நோய்க்கானதாக இருக்காது. சர்வீஸ் தானாகவே திரும்பத் திரும்ப எழ முயன்றிருக்கும் என்பதால் ஒரே பாட்டு லாகில் பல தடவை ஓடியிருக்கும். கீழிருந்து மேலே போய், ‘ஸ்டார்ட்டிங் ஆஸ் பிராசஸ்’ என்ற வரியைக் கண்டுபிடியுங்கள். அது கடைசி முயற்சியின் தொடக்கம். அங்கிருந்து கீழ்நோக்கி வந்து, எரர் என்று குறித்த முதல் வரியில் நில்லுங்கள். உங்கள் காரணம் அதுதான். அந்த வரியில் ஓஎஸ் எரர் நம்பர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 28 என்றால் டிஸ்கில் இடமில்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 2 என்றால் ஃபைல் இல்லை. 12 என்றால் மெமரி போதவில்லை. 11 என்றால் வேறு யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள். 30 என்றால் ஃபைல் சிஸ்டம் ரீட் ஒன்லி ஆகிவிட்டது. மற்ற நம்பர்களுக்கு, மைஎஸ்க்யூஎல்லோடு கூடவே வரும் பிஎரர் என்ற கமாண்டிடம் நம்பரைக் கொடுத்தால் பொருளைச் சொல்லிவிடும்.

ஸ்டார்ட், ஸ்டார்ட் என்று அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சிஸ்டம்டி ‘ரொம்ப வேகமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறாய்’ என்று மறுத்துவிடும். புதுக் கோளாறு வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சிஸ்டம்சிடிஎல்லில் ரீசெட்-ஃபெயில்ட் கொடுத்தால் அந்தத் தடை போய்விடும்.

ரீபூட்டுக்குப் பிறகு எழவில்லை என்பதால் நான் முதலில் சந்தேகப்படுவது டிஸ்கைத்தான். நேற்றுவரை ஓடியதே என்பீர்கள். ஓடும், ஆனால் எழாது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும், டேட்டாவை டிஸ்கில் வைத்துக் காக்கும் எஞ்சினான இன்னோடிபி, ஐபிடிஎம்பி1 என்ற தற்காலிக ஃபைலைப் புதிதாக உருவாக்கும், இயல்பான அளவு 12 எம்பி. அந்த இடமும் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். டிஎஃப் கமாண்டை ஹைஃபன் ஹெச் போட்டு ஒரு தடவை, ஹைஃபன் ஐ போட்டு ஒரு தடவை பாருங்கள். இரண்டாவது, ஐநோடுகள் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவிடங்கள்) தீர்ந்துவிட்டனவா என்று காட்டும். பிஹெச்பி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்த சர்வர்களில் ஜிபி கணக்கில் இடமிருந்தும் ஐநோடு தீர்ந்துபோயிருக்கும், எரர் என்னவோ ‘இடமில்லை’ என்றுதான் வரும். இன்னொரு பொறி: எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் வழக்கமாக 5 சதவீத இடம் ரூட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் ரூட்டாக ஒரு ஃபைல் எழுதிப் பார்த்து ‘இடம் இருக்கிறதே’ என்று முடிவு கட்டுவீர்கள். மைஎஸ்க்யூஎல் யூசருக்கு அந்த இடம் கிடையாது.

இடத்தைத் தின்றது பெரும்பாலும், டேட்டாவில் நடக்கும் மாற்றங்களை வரிசையாகப் பதியும் பைனரி லாகாக இருக்கும். 8.0 முதல் அது இயல்பாகவே ஆன் ஆகியிருக்கிறது, 30 நாள் வரை வைத்துக்கொள்ளும். ஆனால் அவற்றைக் கையால் ஆர்எம் போட்டு அழிக்காதீர்கள். எந்தெந்த ஃபைல் இருக்கிறது என்ற பட்டியல் பின்லாக்.இண்டெக்ஸில் இருக்கிறது. பட்டியலில் கடைசியாக இருக்கும் ஃபைல் காணாமல் போனால், இருக்கிற தொல்லை போதாதென்று ‘லாகைத் திறக்க முடியவில்லை’ என்று இன்னொரு காரணத்துக்காகவும் சர்வர் நிற்கும். முதலில் வேறு இடத்தில் கைவையுங்கள்: ஆப்ட் கிளீன், ஜர்னலை வேக்யூம்-சைஸ் போட்டுச் சுருக்குதல், மறந்துபோன பழைய டம்ப் ஃபைல்கள். சில நூறு எம்பி கிடைத்தால் சர்வர் எழுந்துவிடும். எழுந்த பிறகு, ரெப்ளிகா (இதைப் பார்த்து நகலெடுக்கும் சர்வர்) எதுவும் பின்தங்கி நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு, பர்ஜ் பைனரி லாக்ஸ் என்ற எஸ்க்யூஎல் கமாண்டால் குறையுங்கள். இது பேக்கேஜைப் பர்ஜ் செய்வதோடு சம்பந்தமில்லாத வேறு பர்ஜ்.

எரர் 30 வந்திருந்தால் விஷயம் பெரியது. டிஸ்கில் படிக்கும்போதோ எழுதும்போதோ கோளாறு வந்ததும் கெர்னல் தானே ஃபைல் சிஸ்டத்தைப் பூட்டியிருக்கலாம். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (டிஎம்இஎஸ்ஜி) கமாண்டில் ஐஓ எரர் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மைஎஸ்க்யூஎல்லை மறந்துவிட்டு, டேட்டாவை வேறு டிஸ்குக்கு எடுப்பதுதான் அடுத்த வேலை.

எரர் 13, அதாவது அனுமதி மறுப்பு, இரண்டு வகைப்படும். சாதாரண வகை: பேக்கப்பை ரூட்டாக ரீஸ்டோர் செய்திருப்பார்கள், அல்லது யாரோ மைஎஸ்க்யூஎல்டியை ரூட்டாகக் கையால் ஓட்டியிருப்பார்கள். ஃபைல்களின் உரிமை ரூட்டுக்குப் போயிருக்கும். டேட்டா ஃபோல்டர் முழுவதையும் மைஎஸ்க்யூஎல் யூசர், மைஎஸ்க்யூஎல் குரூப் என்று சோன் கமாண்டால் உரிமை மாற்றினால் போதும். மேலே உள்ள ஃபோல்டர் ஒன்றில் நுழையும் அனுமதி இல்லாமல் போயிருந்தாலும் இதே எரர் வரும். நேம்ஐ கமாண்டை ஹைஃபன் எல் போட்டு முழுப் பாதையையும் கொடுத்தால், படிப்படியாக ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையையும் காட்டும். இவ்வளவு உபயோகமான கமாண்டை ஏனோ யாரும் கண்டுகொள்வதில்லை. எல்லாவற்றுக்கும் 777 போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். பாதுகாப்பு ஒருபுறம் இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நிலையில் கான்ஃபிக் ஃபைல் இருந்தால் மைஎஸ்க்யூஎல் அதைப் படிக்காமலே ஒதுக்கிவிடும். அப்புறம் நீங்கள் மாற்றும் செட்டிங் எதுவும் ஏறவில்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது வகைதான் ஆளைச் சுற்றவிடும். உரிமையெல்லாம் சரி, மைஎஸ்க்யூஎல் யூசராக மாறி எல்எஸ் போட்டால் ஃபைல்கள் தெரிகின்றன, ஆனாலும் எரர் 13. டேட்டா ஃபோல்டரைப் புது டிஸ்குக்கு மாற்றினீர்களா? மாற்றியிருந்தால், தடுப்பது ஆப்ஆர்மர். மைஎஸ்க்யூஎல்டி எந்தெந்தப் பாதையைத் தொடலாம் என்று உபுண்டு ஒரு புரொஃபைல் வைத்திருக்கிறது. பழைய பாதையில் ஒரு சிம்லிங்க் வைத்து ஏமாற்றலாம் என்றால் நடக்காது, அது உண்மையான பாதையைத்தான் பார்க்கும். ஜர்னல்சிடிஎல்லில் ஹைஃபன் கே போட்டு கெர்னல் லாகைப் பாருங்கள், ‘ஆப்ஆர்மர் டினைடு’ என்ற வரியில் மைஎஸ்க்யூஎல்டியின் பெயரும் தடுக்கப்பட்ட பாதையும் இருக்கும். /ஈடிசி/ஆப்ஆர்மர்.டி/டியூனபிள்ஸ் ஃபோல்டரில் அலையஸ் என்ற ஃபைல் இருக்கிறது. பழைய பாதைக்குப் பதில் இந்தப் புதிய பாதை என்று அதில் ஒரு வரி எழுதி (கடைசியில் கமா வேண்டும்) ஆப்ஆர்மரை ரீலோட் செய்யுங்கள். ஆப்ஆர்மரையே தூக்கிவிடும் யோசனையை நான் ஏற்கமாட்டேன், ஒரு வரியில் முடிகிற வேலைக்குக் கதவையே கழற்ற வேண்டியதில்லை. ரெட்ஹேட் வகையில் இதே வேடம் எஸ்இலினக்ஸுக்கு. அங்கே புது ஃபோல்டருக்கு மைஎஸ்க்யூஎல்டி_டிபி_டி என்ற லேபிளை செமேனேஜால் கொடுத்து, ரெஸ்டோர்கான் ஓட்ட வேண்டும்.

ரீபூட்டோடு அப்கிரேடும் நடந்திருந்தால் கான்ஃபிக்கைப் பாருங்கள். உபுண்டு 18.04இல் இருந்தது 5.7, 20.04இல் வந்தது 8.0. இந்தத் தாவலில் கொத்தாக விழுந்தவை உண்டு. குவெரி கேஷ் (குவெரி முடிவுகளைச் சேமித்து வைக்கும் வசதி) 8.0இல் அறவே நீக்கப்பட்டது, எனவே குவெரி_கேஷ்_சைஸ் என்று ஒரு வரி இருந்தாலும் ‘தெரியாத வேரியபிள்’ என்று சர்வர் நின்றுவிடும். எஸ்க்யூஎல்_மோடில் நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர் இருந்தாலும் அப்படியே. நல்லவேளை, 8.0.16 முதல் மைஎஸ்க்யூஎல்டிக்கு வேலிடேட்-கான்ஃபிக் என்ற ஆப்ஷன் இருக்கிறது. சர்வரை எழுப்பாமலே கான்ஃபிக்கை மட்டும் சோதிக்கும், சரியாக இருந்தால் எதுவும் பேசாது. எந்த ஃபைலிலிருந்து எந்த செட்டிங் வருகிறது என்று புரியவில்லையென்றால் மை_பிரிண்ட்_டிஃபால்ட்ஸ் கமாண்டுக்கு மைஎஸ்க்யூஎல்டி என்று கொடுங்கள், எல்லா ஃபைலையும் சேர்த்துக் கடைசியில் என்ன கிடைக்கிறது என்று காட்டும். லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் மட்டும் தனி ரகம். 8.0இல் டேட்டா ஃபோல்டரை முதன்முதலில் உருவாக்கும்போது என்ன இருந்ததோ அதுதான் கடைசிவரை. பின்னால் மாற்றினால் எழாது, பழைய மதிப்பைத் திரும்பப் போட்டால் எழும். 8.0 தொட்ட டேட்டாவை 5.7ஐ வைத்துத் திறக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள், டவுன்கிரேட் அதற்கு வழி இல்லை.

போர்ட் மோதல் சுலபமானது. 3306ஐ வேறொன்று பிடித்திருந்தால் லாகே சொல்லிவிடும், எஸ்எஸ் கமாண்டில் யார் என்று தெரிந்துவிடும், பெரும்பாலும் யாரோ ஓட்டிவிட்டு மறந்த டாக்கர் கன்டெய்னர். பைண்ட்-அட்ரஸில் பழைய ஐபி இருந்து, சர்வரின் ஐபி மாறியிருந்தாலும் நிற்கும். ஆனால் ‘ஐபிடேட்டா1ஐப் பூட்ட முடியவில்லை, எரர் 11’ என்று வந்தால் அது வேறு. அதே டேட்டா ஃபோல்டரின் மேல் ஏற்கெனவே ஒரு மைஎஸ்க்யூஎல்டி உட்கார்ந்திருக்கிறது. பழைய பிராசஸ் இன்னும் மூடி முடிக்காமல் டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கலாம். அதற்குக் கில் ஹைஃபன் 9 கொடுக்காதீர்கள், முடிக்க விடுங்கள்.

சின்ன விபிஎஸ் (வாடகை விர்ச்சுவல் சர்வர்), 1 ஜிபி ராம் என்றால், டிமெசேஜில் ‘அவுட் ஆஃப் மெமரி’ வரியில் மைஎஸ்க்யூஎல்டி பெயர் வருகிறதா என்று பாருங்கள். எரர் லாகில் எந்தக் காரணமும் இல்லாமல் பட்டென்று வெட்டுப்பட்டு முடிந்திருப்பது இதன் அடையாளம், ஏனென்றால் கெர்னல் கொல்லும்போது கடைசி வார்த்தை எழுத அவகாசம் கிடைக்காது. பஃபர் பூல் (இன்னோடிபி டேட்டாவை வைத்துக்கொள்ளும் மெமரி) அளவைக் குறையுங்கள், ஒரு ஸ்வாப் ஃபைல் வையுங்கள்.

இப்போது ஐபி_லாக்ஃபைல் விஷயத்துக்கு வருவோம். இந்த ஃபைல்களின் பெயரில் ‘லாக்’ என்று இருப்பதால் பழைய செய்திக் குறிப்புகள் என்று நினைத்து அழிக்கிறார்கள். இவை ரீடூ லாக். கடையில் வியாபாரம் நடக்க நடக்க சிட்டையில் எழுதிக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் பேரேட்டுக்கு ஏற்றுவார்களே, இன்னோடிபியும் அப்படித்தான். கமிட் ஆன மாற்றம் முதலில் ரீடூ லாகில் பதிவாகும், டேபிள் ஃபைல்களுக்குப் பிறகு சாவகாசமாகப் போகும். திடீரென்று கரண்ட் போனால் பேரேட்டுக்கு ஏறாத வரவுகள் சிட்டையில் மட்டும்தான் இருக்கும். மறுபடி எழும்போது அவற்றைப் படித்து ஏற்றுவதுதான் கிராஷ் ரெகவரி. அதை அழித்தால் அந்தக் கமிட்கள் போயின. போனது தெரியாமல் பாதி ஏறிய பக்கங்களோடு சர்வர் எழுந்தும் தொலைக்கலாம், அதுதான் இன்னும் மோசம். சர்வரை முறையாக மூடிய பிறகு லாக் அளவை மாற்றுவதற்காக அந்த ஃபைல்களை நகர்த்தும் வழக்கம் பழைய பதிப்புகளில் இருந்தது. அந்த அறிவுரைதான் முன்பாதியை உதிர்த்துவிட்டு இப்போது சுற்றுகிறது. 8.0.30 முதல் இந்த ஃபைல்கள் ஹேஷ் குறியோடு தொடங்கும் இன்னோடிபி_ரீடூ என்ற ஃபோல்டருக்குள் போய்விட்டன. உங்கள் சர்வரில் அப்டேட்கள் ஒழுங்காக ஏறியிருந்தால் அவர் அழிக்கச் சொன்ன பெயரில் ஃபைலே இருக்காது. அதற்குப் பதில் அந்த ஃபோல்டரை அழிக்கவும் வேண்டாம்.

கிராஷ் ரெகவரி நடக்கிறது என்று லாகில் தெரிந்தால் பொறுமையாக இருங்கள். பெரிய டேட்டாபேஸுக்கு நேரம் எடுக்கும். நடுவில் சிஸ்டம்டி டைம்அவுட் என்று சொல்லிக் கொன்றால், சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் டைம்அவுட்ஸ்டார்ட்செக் என்பதற்கு இன்ஃபினிட்டி கொடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

ரெகவரியே பாதியில் விழுகிறது, ‘பேஜ் கரப்ஷன்’ என்று வருகிறது என்றால், இனி செய்யும் எல்லாமே ஆபத்தானவை. ஆகவே முதலில் சர்வீஸை நிறுத்தி, டேட்டா ஃபோல்டர் முழுவதையும் சிபி ஹைஃபன் ஏ போட்டு வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள். கிளவுட் என்றால் டிஸ்க் ஸ்னாப்ஷாட். இந்தக் காப்பி இல்லாமல் அடுத்த வரியைப் படித்தும் பிரயோஜனமில்லை.

இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெகவரி என்ற செட்டிங்குக்கு 1 முதல் 6 வரை மதிப்பு உண்டு. 1இல் தொடங்கி, எழவில்லையென்றால் மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 1 என்றால் கெட்ட பக்கங்களைக் கண்டும் சர்வர் விழாமல் ஓட முயலும். 3 வரை ஓரளவு பாதுகாப்பு. 4 முதல் டேட்டா ஃபைல்களே நிரந்தரமாகக் கெட வாய்ப்புண்டு. 6 என்றால் ரீடூ லாகையே படிக்காது, அழித்ததற்குச் சமம். நேராக 6 போடச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். எழுந்ததும் அதை அப்படியே பயன்பாட்டுக்கு விடக் கூடாது. மைஎஸ்க்யூஎல்டம்ப் கமாண்டால் டேட்டாவை எஸ்க்யூஎல் ஃபைலாக எடுங்கள், அதுதான் டம்ப். ஒரு டேபிளில் டம்ப் நின்றால் அதைத் தவிர்த்து மற்றவற்றை எடுங்கள், கெட்டது பெரும்பாலும் ஒன்றிரண்டு டேபிள்தான். அப்புறம் புது டேட்டா ஃபோல்டரை இனிஷியலைஸ் செய்து, ஃபோர்ஸ் ரெகவரி வரியை நீக்கிவிட்டு, டம்பை ஏற்றுங்கள். கெட்ட டேபிளை உங்கள் ராத்திரி பேக்கப்பிலிருந்து எடுக்கலாம். பைனரி லாக் அப்படியே இருந்தால் அந்த பேக்கப்புக்குப் பிந்தைய மாற்றங்களையும் அதிலிருந்து மீட்கலாம். அதை ஆர்எம் போட வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்கிரேட் நடுவில் நின்றிருந்தால், சர்வர் எழுந்ததும் டிபிகேஜி கமாண்டில் கான்ஃபிகர் ஹைஃபன் ஏ ஓட்டிப் பாதியில் நிற்கும் பேக்கேஜை முடித்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் எழவில்லையென்றால் ‘ஸ்டார்ட்டிங் ஆஸ் பிராசஸ்’ வரியிலிருந்து முதல் எரர் வரைக்கும் உள்ள வரிகள், இரண்டு டிஎஃப் முடிவுகள், கெர்னல் லாகில் ஆப்ஆர்மர் வரி ஏதாவது இருந்தால் அது, இவற்றை அனுப்புங்கள். ஐபி முகவரிகளை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும்.